ஐந்தாவது ஏன்

பொன்விழா மலருக்காக "மறக்க முடியாத இனிய நினைவு" என்று ஒரு பக்கம் எழுதித் தரச் சொல்லி நம் வாட்ஸ்அப் குழுவில் நான்கு முறை கேட்டுவிட்டீர்கள். நான் கட்டைவிரல் படம்கூடப் போடவில்லை. கோபமாக இருக்கிறாள் என்று நினைத்திருப்பீர்கள். கோபம் இல்லை, அருவருப்பு. கோபமென்றால் நாலு வார்த்தை கத்திவிட்டு ஒரு சொம்பு தண்ணீர் குடித்தால் போய்விடும். இது பாதிச் சோறு தின்றபின் தட்டில் கரப்பானைப் பார்த்தது மாதிரி. இத்தனை வருடம் ஆகியும் நாக்கைவிட்டுப் போகவில்லை.

நமக்கெல்லாம் நாற்பது தாண்டிவிட்டது. பாதிப் பேருக்குச் சர்க்கரை, மீதிப் பேருக்கு முட்டிவலி. குழுவில் வருவதில் பாதி வெந்தயத் தண்ணீர் வைத்தியம், மீதி "அந்தக் காலம் மாதிரி வருமா" என்ற புலம்பல். அதோடு போயிருந்தால் நான் வாயைத் திறந்திருக்க மாட்டேன். நம் பழைய தலைமையாசிரியர் பெயரில் கல்வெட்டு வைக்கப் போகிறோம், அதில் "ஒரு பிள்ளையையும் வெளியே அனுப்பாத பள்ளி" என்று பொறிக்கப் போகிறோம் என்று போட்டீர்கள். நம்மோடு படித்து இன்று அதே பள்ளியில் தலைமையாசிரியையாக உட்கார்ந்திருப்பவள் அதற்குக் கீழே, "அந்தச் சிவப்பு அட்டைத் திட்டத்தை இந்த வருஷம் மறுபடி கொண்டுவரப் போறேன், இப்பத்த பசங்களுக்கு அதுதான் சரி" என்று எழுதினாள். முப்பது பேர் கைதட்டினீர்கள். அதனால்தான் எழுதுகிறேன். மலரில் போடுவதும் போடாததும் உங்கள் விருப்பம்.

நம் பத்தாம் வகுப்பில், காலாண்டுத் தேர்வு முடிந்ததிலிருந்து ஆண்டு விழா வரைக்குமான கதை இது. நீங்கள் எல்லோரும் இதில் இருக்கிறீர்கள்.

கம்பெனிகள் வந்து அப்போது நாலைந்து வருடம்தான் ஆகியிருந்தது. நெடுஞ்சாலையிலிருந்து பள்ளிக்குத் திரும்பும் மண்சாலையில் ஒரு டிரெய்லர் போனால் எதிரே வருவது மனிதரா மாடா என்று தெரியாது. சாயங்காலம் மூக்கைச் சிந்தினால் கைக்குட்டையில் செம்மண் வரும். ஏரிக்கரையில் நின்றால் ஒரு பக்கம் நாற்று, மறுபக்கம் தகரக் கூரை. என் அப்பா கார் உதிரிபாகம் செய்கிற ஒரு கம்பெனியில் குவாலிட்டி இன்ஸ்பெக்டர். அவர் சட்டையில் எப்போதும் கூலன்ட் எண்ணெய் வாடை அடிக்கும். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குச் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தாலும் அந்த வாடை கூடவே வந்து உட்காரும்.

கம்பெனியில் கற்றுக்கொடுத்ததை அவர் வேதம்போல நம்பினார். எங்கள் வீட்டுச் சமையலறை அலமாரியில் உப்பு ஜாடிக்கு, புளி டப்பாவுக்கு, எண்ணெய்த் தூக்குக்கு என்று மஞ்சள் பெயின்டில் வட்டம் போட்டிருப்பார். வாசலில் ஆளுக்கு ஒரு ஜோடி செருப்பு வடிவம் வரைந்திருக்கும். அம்மா ஒருநாள் கரண்டியோடு வந்து நின்றாள்.

"இன்னாங்க இது, வூட்டையும் கம்பெனியா ஆக்கினு கீறீங்க? ஜாடிக்குக் கோடு, தொடப்பத்துக்குக் கோடு. எனக்கும் ஒரு கோடு போட்டுடுங்க, அதுலயே நின்னுக்கறேன்."

அப்பா சிரித்தார். நாங்களும் சிரித்தோம். அது வீட்டோடு இருந்தவரை சிரிப்பாகத்தான் இருந்தது.

முந்தைய தலைமையாசிரியர் காலம் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். சண்டை போட்டால் டி.சி., பீடி பிடித்தால் டி.சி., டீச்சர் படத்தைச் சுவரில் வரைந்தால் டி.சி. அந்தத் தாளில் நடத்தை என்ற இடத்தில் ஒரு வார்த்தை மோசமாக விழுந்துவிட்டால் சுற்றுவட்டாரத்தில் எந்தப் பள்ளியும் உள்ளே விடாது. அப்படிப் போன பையன்கள் தாபாவில் தட்டு கழுவினார்கள், லாரிக்குக் கிளீனராகப் போனார்கள். அவருக்குப் பின் புதிதாக வந்தவர், நீங்கள் கல்வெட்டு வைக்கப் போகிறவர், முதல் நாள் அசெம்பிளியிலேயே, "நான் இருக்கிற வரைக்கும் நடத்தைக்காக ஒரு பிள்ளையைக்கூட இந்தப் பள்ளியை விட்டு அனுப்ப மாட்டேன்" என்றார். நாம் மனதாரக் கைதட்டினோம். அதில் எனக்கு இன்றைக்கும் ஒரு குறையும் இல்லை. பிள்ளையைத் துரத்துவது பள்ளியின் வேலை இல்லை. அவர் கெட்டவரும் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் இதைச் சொல்வது எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

அனுப்பாமல் என்ன செய்வது என்று பெற்றோர் ஆசிரியர் கழகக் கூட்டத்தில் கேட்டார். கழகத் தலைவர் யார்? என் அப்பாதான். எழுந்து நின்று, ஷிப்டில் டிரெயினிக்குப் பாடம் சொல்கிற குரலில் பேசினார்.

"சார், எங்க லைன்ல ஒரு பீஸ் சரியில்லன்னா தூக்கிக் கடாச மாட்டோம். செவப்பு அட்டை கட்டித் தனியா வெப்போம். ஏன் கெட்டுச்சுன்னு கேப்போம். அதுக்கு ஒரு பதில் வரும். அது ஏன்னு கேப்போம். இப்பிடி அஞ்சு தபா ஏன் கேட்டா அஞ்சாவதுல மூலக் காரணம் மாட்டிக்கும். அத்த சரி பண்ணி மறுபடி லைன்ல வுடுவோம். ரீவொர்க்குன்னு பேரு. புள்ளைங்களுக்கும் அதையே பண்ணிப் பாக்கலாமே சார்?"

கூட்டத்தில் உட்கார்ந்திருந்தவர்களில் பாதிப் பேர் அப்பனும் அண்ணனுமாக ஏதோ ஒரு லைனில் நிற்பவர்கள். கம்பெனியில் நடப்பதெல்லாம் சரியாகத்தான் இருக்கும் என்று நினைத்த காலம் அது. ஒருவராவது எழுந்து, இது பிள்ளைங்க ஐயா, பீஸ் இல்ல என்று சொல்லியிருக்கலாம். யாரும் சொல்லவில்லை. எனக்கு அப்பாவைப் பார்க்கப் பெருமையாக இருந்தது.

கழிப்பறைக்குப் பின்னால் இருந்த பழைய ஆய்வகச் சாமான் அறையை ஒழித்து ரீவொர்க் அறை ஆக்கினார்கள். பெனாயில், மூத்திரம், வௌவால் எச்சம் மூன்றும் கலந்த அந்த நாற்றத்தை எழுத்தில் எழுத எனக்குத் தெரியாது. உடைந்த பிப்பெட்டுகள் ஒரு மூலையில், கிழிந்த எலும்புக்கூட்டுப் படம் ஒரு மூலையில். நடுவில் இரண்டு பெஞ்சு. தப்புச் செய்தவர்களுக்குச் சிவப்பு அட்டை. பையன்களுக்குச் சட்டைப் பொத்தானில், பெண்களுக்குத் தாவணி ஊக்கில், கம்பெனியிலிருந்து அப்பா கொண்டுவந்த மெல்லிய கம்பியால் கட்டுவார்கள். ஐந்து ஏன்களும் எழுதி முடியும்வரை அட்டை அவிழாது, வகுப்புக்குத் திரும்ப முடியாது. வகுப்பு லீடர், வகுப்பாசிரியர், கழகத் தலைவர் மூன்று பேரும் கையெழுத்துப் போட்டால்தான் தாள் முடிந்ததாகக் கணக்கு. முடிந்த தாளை, எல்லோரும் கற்றுக்கொள்ள வேண்டும் என்று, ஒரு வாரம் நுழைவாயில் பக்கத்து அறிவிப்புப் பலகையில் குத்தி வைப்பார்கள். கம்பெனியில் அப்படித்தான் செய்வார்களாம்.

நான்தான் லீடர். கையெழுத்து அழகாக இருக்கிறது என்று தாள் எழுதுகிற வேலையையும் என்னிடமே கொடுத்தார்கள்.

முதல் மாதம் அந்தப் பலகை நமக்கு நல்ல வேடிக்கை. "ஏன் தாமதம்? தூங்கிவிட்டேன். ஏன்? படம் பார்த்தேன். ஏன்? கேபிளில் போட்டான். ஏன்? எங்கள் வீட்டில் கேபிள் இருக்கிறது. ஏன்? மாமா வாங்கிக் கொடுத்தார்." மூலக் காரணம் மாமா என்று என் அப்பா கையெழுத்துப் போட்டிருந்தார். இன்டர்வெல்லில் நின்று படித்து வயிறு வலிக்கச் சிரித்தோம். அந்த மாமா பாவம், மிக்சர் பொட்டலத்தோடு மருமகனைப் பார்க்கப் பள்ளிக்கு வந்தபோது நாம் விட்ட சத்தம் இருக்கிறதே!

இனி என் பெஞ்சுக்காரியைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெயர் வேண்டாம். ஆறாம் வகுப்பிலிருந்து எனக்கு இடப்பக்கம் உட்கார்ந்தவள். நெட்டையாக இருப்பாள், சிரித்தால் ஈறு தெரியும். கணக்கு மட்டும் அவளுக்கு ஏறாது, என்னைப் பார்த்துத்தான் போடுவாள். அவள் அம்மா ஒரு கம்பெனியில் கான்ட்ராக்டில் கழிப்பறை கழுவுகிற வேலை. கம்பெனி ஆட்களுக்கு ஜன்னல் கண்ணாடி போட்ட நீல பஸ் வரும். கான்ட்ராக்ட் ஆட்களுக்குக் கான்ட்ராக்டருடைய வேன். நெருக்கியடித்து, ஆளின்மேல் ஆள் உட்கார்ந்து போவார்கள். பஸ் போகிறபோதெல்லாம் பெஞ்சுக்காரி அதையே பார்த்துக்கொண்டு நிற்பாள்.

"பத்து பாஸ் பண்ணிட்டேன்னு வெச்சுக்க, ஐ.டி.ஐ. சேந்துருவேன். அது முடிச்சா கம்பெனிலயே எடுத்துக்குவான். அந்த நீல பஸ்ல ஜன்னலோரம் குந்திகினு போவேன், நீ பாரு. பெயிலானா எங்கம்மா ஏறுற வேன்தான்டி எனக்கும். அதுல மட்டும் நான் ஏற மாட்டேன்."

அவளுக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான். பத்தாவது பாஸ்.

ஒரு கிருத்திகைக்கு என்னை வல்லக்கோட்டை முருகன் கோயிலுக்குக் கூட்டிப் போனாள். நாங்கள் சர்ச்சுக்காரர்கள், வீட்டில் ஸ்பெஷல் கிளாஸ் என்று பொய் சொல்லிவிட்டுப் போனேன். பஞ்சாமிர்தம் கையெல்லாம் பிசுபிசுக்க மதில் ஓரமாக உட்கார்ந்திருந்தபோது சொன்னாள். அவள் அப்பா லாரியில் பம்பாய் லைன் ஓட்டுகிறார் என்றுதான் ஊரில் பேச்சு.

"எங்கப்பா பம்பாயெல்லாம் போவலடி. குன்றத்தூர்லதான் கீறாரு. எங்க சித்தி கூட. எங்கம்மா கூடப் பொறந்த தங்கச்சி. ஊருக்குத் தெரிஞ்சா எங்கம்மா நாண்டுக்கும். யாராண்டயும் சொல்லிடாத, இன்னா?"

கையில் பைபிள் இல்லாமலேயே பைபிள்மேல் சத்தியம் என்றேன். நான் கோயிலுக்கு வந்ததை அவளும் யாரிடமும் சொல்லவில்லை. கடைசிவரை சொல்லவில்லை.

காலாண்டு முடிந்து பள்ளி திறந்த வாரம், மதியச் சாப்பாட்டு வரிசையில் அது நடந்தது. கான்ட்ராக்டர் மகன் அவளுக்குப் பின்னால் நின்றான். இன்றும் நம் குழுவில் தினமும் ரோஜாப்பூப் படத்தோடு காலை வணக்கம் போடுகிறானே, அவனேதான்.

"இன்னா, உங்கம்மா இன்னிக்கும் எங்கப்பன் பக்கத்துல முன் சீட்டுதானாமே? பின்னாடி எடம் இருந்தாலும் முன்னாடிதான் குந்துமாம்."

பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தீர்கள். அவள் திரும்பி, கையிலிருந்த எவர்சில்வர் தட்டால் ஒரே அடி. உதடு கிழிந்து, முன்பல் ஆடி, சாம்பார் சோற்றில் ரத்தம் சொட்டியது. அந்த மதியம் நான் சாப்பிடவில்லை.

கான்ட்ராக்டர் வந்து தலைமையாசிரியர் அறையில் மேசையைத் தட்டினார். "இன்னா சார் இஸ்கூல் நடத்துறீங்க? பொம்பளப் புள்ளையா அது? இன்னிக்கே டி.சி. குடுத்து அனுப்புங்க."

"தர முடியாதுங்க. இந்தப் பள்ளியில யாரையும் அனுப்பறதில்லை" என்றார் தலைமையாசிரியர். ஜன்னல் வழியாகக் கேட்டுக்கொண்டிருந்த எனக்கு அவர் அன்று தெய்வமாகத் தெரிந்தார். அவளுக்குச் சிவப்பு அட்டை கட்டினார்கள். ரீவொர்க் அறைக்குத்தானே போகிறாள், நாலு நாளில் வந்துவிடுவாள் என்று நினைத்தேன். அந்தப் பையனிடம் மட்டும் யாரும் ஒரு ஏன்கூடக் கேட்கவில்லை. அப்பாவிடம் கேட்டேன். "ரிப்போர்ட் ஆனது ஒரு டிபெக்ட்டும்மா. அதத்தான் பாக்கணும்" என்றார்.

நான் தாளை எடுத்துக்கொண்டு அந்த நாற்ற அறைக்குப் போனேன். நான்கு ஏன்கள் மளமளவென்று வந்தன. ஏன் அடித்தாய்? என் அம்மாவைப் பற்றிப் பேசினான். ஏன் பேசினான்? அம்மா அவங்க வேனில் போகிறாள். ஏன் அந்த வேனில்? கான்ட்ராக்ட் வேலைக்கு பஸ் கிடையாது. ஏன் கான்ட்ராக்ட் வேலை? அப்பா வீட்டில் இல்லை. ஐந்தாவது: ஏன் இல்லை?

"லாரி ஓட்டறாருன்னு எழுதுடி" என்றாள், என் முகத்தைப் பார்க்காமல்.

எழுதினேன். அப்பா தாளைத் திருப்பி அனுப்பினார். "லாரி ஓட்டறவன் வூட்டுக்கு வரவே மாட்டானா? இது மேலோட்டமான பதில். இன்னும் உள்ள போகச் சொல்லு." இரண்டாவது முறை, வேலை அதிகம் என்று எழுதினோம். அதுவும் திரும்பி வந்தது. மூன்றாவது முறை அவள் பேனாவை மூடிவைத்துவிட்டாள். "அவ்ளோதான்டி எனக்குத் தெரியும். வேணும்னா நாலோட நிறுத்திக்கச் சொல்லு." நாலோடு நிறுத்தினால் அப்பா கையெழுத்துப் போட மாட்டார். அவருக்கு ஐந்து வேண்டும்.

மூன்று வாரம் ஆனது. அந்த அறையில் பாடம் நடத்த யாரும் வருவதில்லை. வகுப்பில் எங்கள் வகுப்பாசிரியையான கணக்கு டீச்சர் முக்கோணவியலை முடித்துவிட்டு அடுத்ததற்குப் போய்க்கொண்டிருந்தார். சாயங்காலங்களில் நான் சொல்லிக்கொடுத்துப் பார்த்தேன்; அவள் தாவணியில் தொங்கிய அட்டையை நகத்தால் சுரண்டிக்கொண்டே இருப்பாள். ஒரு வார்த்தை மண்டையில் ஏறவில்லை. அரையாண்டுக்கு ஒரு மாதம்தான் இருந்தது. இவள் பெயிலாகப் போகிறாள், அந்த வேனில் ஏறப் போகிறாள் என்று எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது.

ஒரு மதியம் வராந்தாத் தூணோரம் உட்கார்ந்து, அவளைக் கேட்காமல், என் அழகான கையெழுத்தில் ஐந்தாவது ஏனுக்குப் பதில் எழுதினேன். "அப்பா குன்றத்தூரில் சித்தியுடன் வாழ்கிறார்." அவ்வளவுதான். அவளை வெளியே கொண்டுவரத்தான் எழுதினேன். பலகையைப் பற்றி யோசிக்கவே இல்லை என்று பல வருடம் எனக்கே சொல்லிக்கொண்டேன். பொய். ஒரு நிமிடம் யோசித்தேன். யார் உட்கார்ந்து இதையெல்லாம் படிக்கப் போகிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். அதற்கு முந்தின நாள்தான் வேறொருத்தன் தாளைப் படித்து நானே கண்ணில் நீர்வரச் சிரித்திருந்தேன்.

அப்பா படித்ததும் முகம் மலர்ந்தது. "இதுதாம்மா! கரெக்டா புடிச்சிட்ட. பெரியவங்களே மூணுல நின்னுடுவாங்க, நீ அஞ்சு வரைக்கும் போயிட்ட." அம்மாவைக் கூப்பிட்டு என் திறமையைச் சொன்னார். ஒரு வீட்டின் மானத்தைத் தோண்டி எடுத்துக் கொடுத்திருக்கிறேன். என் தலையைத் தடவிக்கொடுத்தார். அந்தக் கையின் எண்ணெய் வாடை இன்றும் என் தலைமுடியில் இருப்பதாக எனக்குத் தோன்றும், தேய்த்துத் தேய்த்துக் குளிப்பேன்.

மறுநாள் காலை கம்பியை வெட்டி அட்டையை எடுத்தார்கள். அவள் வந்து என் இடப்பக்கம் உட்கார்ந்தாள். "இன்னாடி எழுதின?" என்று கேட்டாள். "என்னமோ எழுதினேன், வுடு" என்றேன். இரண்டு பீரியட். என் நோட்டைப் பார்த்துக் கணக்கு எழுதிக்கொண்டே ஈறு தெரியச் சிரித்தாள்.

இன்டர்வெல் மணி அடித்தது. நாங்கள் வெளியே வந்தபோது பலகையைச் சுற்றிக் கூட்டம். கான்ட்ராக்டர் மகன் உதட்டில் தையல் தழும்போடு நின்று சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தான். ஐந்தாவதை இரண்டு முறை படித்தான். "சித்தியா? அடிப்பாவி!" என்று ஒரு குரல் கேட்டது. அது யார் குரல் என்று எனக்குத் தெரியும். நீயும் இதைப் படித்துக்கொண்டிருக்கிறாய். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? கழிப்பறை பக்கம் தண்ணீர் தூக்கிய ஆயா முதற்கொண்டு மதியத்துக்குள் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

அவள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய்ப் படித்தாள். யாரையாவது அடிப்பாள் என்று நினைத்தேன். என்னை அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாயிருக்கும்.

"இது உன் கையெழுத்துதான?"

"உன்ன வெளிய கொண்டாரத்தான்டி..."

அவள் மேலே கேட்க நிற்கவில்லை. வகுப்புக்குப் போய்ப் பையை எடுத்துக்கொண்டு நேராக வாசலைப் பார்த்து நடந்தாள். வாட்ச்மேன்கூடத் தடுக்கவில்லை.

சாயங்காலம் அப்பாவிடம் அழுதேன். அந்தத் தாளை எடுத்துவிடச் சொல்லி அவர் காலைப் பிடித்தேன். "ஒரு வாரம் டிஸ்ப்ளேம்மா. உனக்கு ஒரு ரூல், ஊருக்கு ஒரு ரூல்னா அது சிஸ்டமா?" என்றார். அம்மா அடுப்பங்கரையிலிருந்து வந்து, "ஏங்க, அந்தப் பொம்பள கழுத்துல கயிற மாட்டிக்கினா உங்க சிஸ்டம் வந்து அவுக்குமா?" என்று கேட்டாள். தாள் ஒரு வாரம் இருந்தது. கிழித்துப்போட எனக்குக் கை இல்லையா? இருந்தது. லீடர் பட்டை போய்விடுமே என்று பயந்தேன். இதை முதல்முறையாக எழுதுகிறேன், எனக்கே காறித் துப்ப வேண்டும்போல இருக்கிறது.

மூன்று நாள் கழித்து அவள் அம்மா வந்தாள். வேலையிலிருந்து நேராக, சேலைக்குமேல் போட்ட கான்ட்ராக்ட் கோட்டோடு. நான் வருகைப் பதிவேட்டை வைக்கத் தலைமையாசிரியர் அறைக்குள் நின்றிருந்தேன்.

"சார், எம் பொண்ணு இனிமே இங்க வர மாட்டேங்குது. அனுப்புனா ஏரில உயுந்துடுவேங்குது. செய்யாத்துல எங்கண்ணன் கீறான். அங்க இஸ்கூல்ல கேட்டுட்டான், சேத்துக்கறேன்னு சொல்லிட்டாங்க. டி.சி. மட்டும் குட்தா போதும் சார்."

தலைமையாசிரியர் அவளை நாற்காலியில் உட்காரச் சொன்னார். அவள் உட்காரவில்லை. "அம்மா, நடு வருஷத்துல டி.சி. கொடுத்தா நாங்க அனுப்பிட்டதாத்தான் கணக்கு வரும். என் காலத்துல இந்தப் பள்ளியிலிருந்து அப்படி ஒரு டி.சி.கூடப் போனதில்லை. உங்க பொண்ணை நான் கைவிட மாட்டேன். சமாதானப்படுத்தி அனுப்பி வைங்க, இந்த வாசல் எப்பவும் திறந்திருக்கும்."

"வாசல் தொறந்து கீதுன்னு தெரியும் சார். அது உள்ள வராது. நீ அந்தத் தாள மட்டும் குடு சார், பத்தாவது முட்சிக்கும். உன் காலுல வுயறேன்."

உண்மையாகவே விழுந்தாள். அவர் பதறி நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினார். ஆனால் தரவில்லை. எழுந்தபோது அவள் என்னைப் பார்த்தாள்.

"நீதான லீடரு? எங்க வூட்ல கருவாட்டுக் கொயம்பு சாப்ட்டுக்கீற இல்ல நீ?"

நான் பதிவேட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றேன். அவள் கோட்டு முனையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே போனாள். துரத்துகிற பள்ளியாக இருந்திருந்தால் அவள் மகள் செய்யாற்றில் பத்தாவது முடித்திருப்பாள். நம்முடையது கைவிடாத பள்ளி.

பதிவேட்டில் அவள் பெயரை நீக்கினாலும் கணக்கில் தெரியும், தொடர்ந்து வரவில்லை என்று எழுதினாலும் தெரியும். வந்துவிடுவாள், பெயர் இருக்கட்டும் என்று கணக்கு டீச்சரிடம் சொல்லிவிட்டார்கள். அடுத்த திங்கட்கிழமை டீச்சர் வருகைப் பதிவு எடுத்தார். என் பெயர் கூப்பிட்டார், "உள்ளேன் டீச்சர்" என்றேன். அடுத்து அவள் பெயர். பதில் இல்லை. டீச்சர் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். பேனா தாள்மேல் நின்றது. நான், "உள்ளேன் டீச்சர்" என்றேன். டீச்சர் குறித்துக்கொண்டார், போன வாரத்து வெற்றுக் கட்டங்களையும் சேர்த்து நிரப்பினார். நீங்கள் ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. அன்று முதல் தினமும் அவளுக்கும் சேர்த்து நானே சொன்னேன். நாலைந்து நாளில் அது பழகிவிட்டது; குரலைக்கூடக் கொஞ்சம் மாற்றிச் சொல்லக் கற்றுக்கொண்டேன்.

அரையாண்டு முடிந்த பிறகு ஒருநாள் அப்பா சாப்பிட்டுக்கொண்டே சொன்னார். "உன் பிரெண்ட எங்க கேன்டீன்ல பாத்தேம்மா. கான்ட்ராக்ட்ல தட்டு கழுவுது. அம்மாவும் பொண்ணும் ஒரே வேன்லதான் வர்றாங்க போல." ரசம் இன்னும் கொஞ்சம் ஊற்றச் சொன்னார். நான் எழுந்துபோய்க் கொல்லையில் வாந்தி எடுத்தேன். சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று அம்மா ஓமத் தண்ணீர் கொடுத்தாள்.

பொதுத் தேர்வுக்கு முன்னால் ஆண்டு விழா. ஷாமியானா, வாடகை நாற்காலி, மைக் செட். மேடையில் மாவட்டக் கல்வி அதிகாரியும் ஒரு கம்பெனி மேனேஜரும். தலைமையாசிரியர் அறிக்கை படித்தார். இந்த ஆண்டும் ஒரு பிள்ளையைக்கூட வெளியே அனுப்பவில்லை என்று சொன்னபோது அதிகாரி மைக்கில் பேச வேண்டிய நேரத்துக்கு முன்பே எழுந்து கைகொடுத்தார். அப்பாவை மேடைக்குக் கூப்பிட்டுச் சால்வை போர்த்தினார்கள். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பிறகு பரிசு. பேச்சுப் போட்டி, ஓட்டப் பந்தயம் எல்லாம் முடிந்தது. கடைசியாக, ஒரு நாள்கூட விடுப்பு எடுக்காமல் வந்தவர்களுக்குப் பரிசு. குமாஸ்தா பதிவேட்டைப் பார்த்து எழுதிக் கொடுத்த பட்டியலைத் தலைமையாசிரியர் வாசித்தார். இரண்டு பையன்கள் வந்து வாங்கிப் போனார்கள். மூன்றாவதாக அவள் பெயரை வாசித்தார்.

வாசித்த பிறகுதான் அவருக்கே உறைத்தது. மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு தாளை இன்னொரு முறை பார்த்தார். கல்வி அதிகாரி கோப்பையைக் கையில் ஏந்திக்கொண்டு சிரித்தபடி நின்றிருந்தார். ஒரு கணம், இப்போது உண்மையைச் சொல்லிவிடுவார் என்று நினைத்தேன். அவர் மைக்கைச் சரிசெய்துகொண்டு, "மாணவி இன்னிக்கு வர இயலல போலிருக்கு. அவர் சார்பா வகுப்புத் தலைவி வந்து பெற்றுக்கொள்வார்" என்றார்.

நான் போனேன். படியேறி, கோப்பையை வாங்கி, போட்டோவுக்கு நின்றேன். அவள் எங்கே இருக்கிறாள் என்று நம் எல்லோருக்கும் தெரியும். எனக்குத் தெரியும், டீச்சருக்குத் தெரியும், சால்வையோடு முன்வரிசையில் உட்கார்ந்திருந்த என் அப்பாவுக்கு நன்றாகத் தெரியும். அவர்தான் முதலில் கைதட்டினார். பிறகு நீங்கள் எல்லோரும் தட்டினீர்கள், பின்வரிசையில் விசில்கூட அடித்தீர்கள். சத்தம் அடங்கும்வரை காத்திருந்து, அடுத்த பெயரைக் கூப்பிட்டார்கள்.